டீக்கடை பெஞ்சு நமக்கும் வேண்டும்!

பெண்கள் கையில் போனைப் பார்த்தாலே, "எந்நேரமும் இதையே நோண்டிக்கிட்டு..." என்று ஆரம்பித்து விடுகிறார்கள். ரீல்ஸ் பார்த்துக் கொண்டே, அடுப்பில் பாலைப் பொங்க விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காக, அதே போனில் நாலு பேரைப் பழக்கம் பிடித்து, தொழிலை வளர்க்கும் பெண்ணையும் சேர்த்துத் திட்டுவது என்ன நியாயம்?

ஆண்களுக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். "அந்த மில்லுல ஆள் எடுக்கறாங்களாம்", "இன்னார் வீட்டுல பெயின்ட் வேலை இருக்காம்" என்று சேதி தானாக வரும். சலூன், சங்க ஆபீஸ் என்று இன்னும் எத்தனையோ இடம் அவர்களுக்கு உண்டு. சமையல்கட்டில் நிற்கும் நமக்கு யார் வந்து சொல்லப் போகிறார்கள்? முன்பெல்லாம் குழாயடியில் நாலு விஷயம் காதில் விழும். வீட்டுக்கு வீடு குழாய் வந்தபின், அதுவும் போச்சு! இப்போது வாட்ஸ் ஆப்பும், பேஸ்புக்கும் தான் நமக்கு டீக்கடை பெஞ்சு.

நான் பத்தாவது வரை படித்தவள். ஈரோடு பக்கம் ஒரு சிறிய ஊரில், வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். புடவைக்கு ஃபால்ஸ் வைத்து, ஓரமும் அடித்துத் தருகிறேன். முதலில் எங்கள் தெருவும், பக்கத்துத் தெருவும் தான் என் வாடிக்கை. தைத்ததைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டசில் வைக்க ஆரம்பித்த பின், கோபி, பெருந்துறையில் இருந்தெல்லாம் அளவு ஜாக்கெட் கொடுத்து அனுப்புகிறார்கள்.

என் மாமியார் முதலில், "ஏங்கண்ணு, நம்ம வீட்டு விசயத்தை ஊருக்கெல்லாம் காட்டோணுமா?" என்றார்.

"ஜாக்கெட்டைத் தானுங்க அத்தை காட்டறேன், என் மூஞ்சியவா காட்டறேன்?" என்றேன். சிரித்து விட்டார். இப்போது போன் அடித்தால், "ஆர்டராட்ட இருக்குது, பாரு கண்ணு" என்று கொண்டு வந்து தருவதே அவர் தான்.

வாடிக்கையாளர் கிடைத்ததை விட, என்னைப் போலவே தைக்கும் பெண்களின் பழக்கம் கிடைத்ததைத் தான் பெரிய லாபம் என்பேன். பேஸ்புக் தையல் குரூப்பில் ஐந்தாறு பேர் பழக்கமானார்கள். 2023 தீபாவளிக்கு, என்னிடம் 40 ஜாக்கெட் சேர்ந்து விட்டது. அதில் 12ஐ அவர்களில் ஒருவரிடம் கொடுத்தேன். சொன்ன தேதிக்குத் தைத்துத் தந்தார். ஆடி மாதம் கல்யாணம் இல்லாமல் என் மெஷின் சும்மா கிடந்தபோது, அவர் தன்னிடம் வந்த யூனிபார்ம் ஆர்டரில் பாதியை எனக்குத் தந்தார். இவள் எனக்குப் போட்டி என்று இருவரும் ஒதுங்கியிருந்தால், இது நடந்திருக்குமா?

படித்து, வேலைக்கும் போய், குழந்தைக்காக வேலையை விட்ட சகோதரிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். லிங்க்ட்இன் என்று, வேலைத் தொடர்புக்காகவே 2003ல் இருந்து நடந்து வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், பி.காம்., படித்தவள். எட்டு ஆண்டு வீட்டில் இருந்ததை எப்படி எழுதுவது என்று கூச்சப்பட்டாள். 2022ல், வேலையில் விட்ட இடைவெளியையும் குறிப்பிட அதில் வசதி செய்து விட்டார்கள். முழுநேரமும் பிள்ளை வளர்த்தது என்பதும், அதில் சொல்லத்தக்க ஒரு காரணம்! அப்புறம் நமக்கென்ன கூச்சம்?

அவளும் எழுதினாள். பழைய ஆபீஸ் தோழியை அதிலேயே தேடிப் பிடித்தாள். "வேலை இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்காமல், எனக்கு இன்ன இன்ன கணக்கு வேலை தெரியும், தினம் நாலு மணி நேரம் செய்ய முடியும் என்று விவரமாகச் சொன்னாள். இப்போது வீட்டிலிருந்தே ஓர் ஆடிட்டருக்குக் கணக்கு எழுதித் தருகிறாள்.

நம்மவர்களிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. படம் பார்த்தால் சாமி படம், பெயர் பார்த்தால், "ரோஜாப்பூ" அல்லது "இன்னார் அம்மா!" யார் என்றே தெரியாதவருக்கு, யார் நம்பி வேலை கொடுப்பார்கள்? முகத்தைப் போட விருப்பமில்லை என்றால் வேண்டாம். செய்த வேலையைப் படம் பிடித்துப் போடுங்கள். சொந்தப் பெயர், தொழில், ஊர் மூன்றும் இருக்கட்டும். வீட்டு விலாசமும், பிள்ளைகள் போட்டோவும் வேண்டவே வேண்டாம்.

தொழிலுக்கென்று தனி நம்பர் வைத்துக் கொள்ளுங்கள். 2018ல் வந்த வாட்ஸ் ஆப் பிசினசை, சாதாரண வாட்ஸ் ஆப் இருக்கும் அதே போனில் வைக்கலாம். மாடல், ரேட்டு, வேலை நேரம் எல்லாம் அதில் போட்டு விடலாம். இரவில் யாராவது மெசேஜ் அனுப்பினால், "நாளை பேசுகிறேன்" என்று தானாகப் பதில் போகும். கண்ட நேரத்தில் யார் என்று, வீட்டில் முகம் சுளிக்கவும் வேண்டாம். இன்னொன்று... நீங்கள் அவர்கள் நம்பரையும், அவர்கள் உங்கள் நம்பரையும் பதிந்து வைத்தால் தான் ஸ்டேட்டஸ் தெரியும். துணியைக் கொடுக்கும்போதே, "நம்பரைப் பதிஞ்சுக்குங்க" என்று சொல்லி விடுங்கள்.

ஒரே இடத்தை நம்பியும் இருக்கக் கூடாது. 2020 ஜூன் 29ல், டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, அதில் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்திருந்தவர்கள், ஒரே நாளில் வெறுங்கையோடு நின்றார்கள். வாடிக்கையாளர் பெயரும், நம்பரும் ஒரு நோட்டிலும் இருக்கட்டும்.

"வீட்டில் இருந்தே வேலை, முன்பணம் 1,500 ரூபாய்" என்று யாராவது கேட்டால், அங்கேயே நிறுத்தி விடுங்கள். வேலை கொடுப்பவர் தானே பணம் தர வேண்டும்? மீறிப் பணம் போய் விட்டால், வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று... கணவரோ, பிள்ளையோ கணக்கைத் துவக்கித் தரட்டும், தப்பில்லை. ஆனால், பாஸ்வேர்டு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் நம் பெயராக, நம்பர் நம் நம்பராக, வரும் பணமும் நம் வங்கிக் கணக்குக்கே வரட்டும். முதுகு ஒடியத் தைப்பது நாம் தானே, தோழிகளே!

— ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்.