ஜிடி-ல ஜெயிச்சாச்சு, ப்ராஜெக்ட் டீம்ல?

நம்ம சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும். யார் முதல்ல வாயைத் திறக்கிறாங்களோ அவங்களுக்கு மார்க். குறுக்கே புகுந்து பேசினா அதுக்குப் பேரு லீடர்ஷிப்.

இதையே பழகிட்டு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாலு பேரா உட்கார்ந்தா என்ன ஆகும்? ஒருத்தர் ராத்திரி முழுக்க கோடு எழுதுவார். ஒருத்தர் பிபிடி போடுவார். மீதி ரெண்டு பேருக்கு ரிப்போர்ட்ல பேர் மட்டும். கடைசி ரிவியூ முடிஞ்சதும் வாட்ஸ்அப் குரூப் அமைதியாகிடும். சண்டையே இல்லாம ஒரு நட்பு முடிஞ்சிருக்கும்.

இது குணத்தோட கோளாறு இல்லை. சேர்ந்து வேலை செய்ய நமக்கு யாரும் பயிற்சி தரவில்லை, அவ்வளவுதான். வகுப்பறையிலேயே அதைத் தர முடியும்.

1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்தபோது ஒரே அடிதடி. உளவியலாளர் எலியட் ஆரன்சன் 'ஜிக்சா' முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கு ஒரு துண்டு. மீதியைக் குழுவில் இருப்பவர்கள் சொல்லித்தான் தெரிஞ்சுக்கணும். தேர்வோ முழுப் பாடத்துக்கும். தயங்கிப் பேசுறவனைக் கிண்டல் பண்ணினா நஷ்டம் உங்களுக்குத்தான். அவர் அறிவுரை சொல்லவில்லை, விதியை மாற்றினார்.

நாமும் செய்யலாம். டிபிஎம்எஸ் யூனிட் ஒன்றை நாலு பேருக்குப் பிரிச்சுக் கொடுங்க. வைவா கேள்வி உங்க பகுதியில வராது, பக்கத்துல இருக்கிறவர் படிச்சதுலதான் வரும்.

பேரம் பேசப் பழக ஆரஞ்சுப் பழ விளையாட்டு போதும். ரெண்டு பேர், ஒரே பழம். ஒருத்தர் சீட்டில் சுளை வேணும்னு இருக்கும், இன்னொருத்தர் சீட்டில் தோல். "எதுக்கு வேணும்?"னு கேட்காத ஜோடி பாதியா வெட்டிக்கும். கேட்ட ஜோடிக்கு முழுசும் கிடைக்கும். ப்ராஜெக்ட்லயும் அதேதான். மீட்டிங்குக்கு வராதவர் சோம்பேறியாத்தான் இருக்கணும்னு இல்லை, சனி ஞாயிறு வேலைக்குப் போறவராவும் இருக்கலாம். கேட்டாத்தானே தெரியும்!

ஆனா விளையாடினா மட்டும் போதாது. முடிஞ்சதும் பத்து நிமிஷம் ஆளுக்கொரு தாளில் எழுதணும்: நான் எப்போ காது கொடுக்கிறதை நிறுத்தினேன்? யார் பேசவே இல்லை? அடுத்த தடவை எதை மாத்துவேன்? இதுக்கு மார்க் போடவே கூடாது. போட்டா எல்லாரும் அழகா பொய் எழுதுவோம்.

சிலபஸ் முடிக்கவே நேரமில்லைன்னு சொல்வாங்க. கேட்பது ஒரு மணி நேரம்தான், டீம் பிரிக்கிறதுக்கு முன்னாடி. அதுவும் கிடைக்கலைன்னா உங்க டீமோட முதல் மீட்டிங்கில் நீங்களே ஆரம்பிங்க. "யார் எதைச் செய்யறது?"ங்கிறது ரெண்டாவது கேள்வியா இருக்கட்டும். முதல் கேள்வி, "உனக்கு இந்த ப்ராஜெக்ட்ல என்ன வேணும்?"