டன்னுக்கு எத்தனை குதிரை?

டாங்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது பீரங்கி எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு தூரம் சுடும் என்பதைத்தான். குடியரசு தின அணிவகுப்பை வர்ணிப்பவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் வேறு இரண்டு எண்களைத் தேடுவேன்: வண்டியின் எடை எத்தனை டன், எஞ்சினின் சக்தி எத்தனை குதிரைத்திறன். சக்தியை எடையால் வகுத்தால், ஒரு டன்னை இழுக்க எத்தனை குதிரைத்திறன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மேடு ஏறுமா, மணலில் சிக்காமல் வருமா, எதிரி குறிபார்ப்பதற்குள் இடம் மாறுமா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும். ஆவடியில் டாங்கி செய்ய ஆரம்பித்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. அந்த அறுபது ஆண்டுக் கதையையும் இதை வைத்தே சொல்லலாம். நமக்கு இன்னும் எது கைவரவில்லை என்பதும் அதிலேயே தெரிந்துபோகும்.

சென்னைவாசிகள் ‘டேங்க் ஃபேக்டரி’ என்று சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் நிறுவப்பட்டது. அதன் முதல் பிள்ளை விஜயந்தா, 1965-ல் வெளியே வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் கொடுத்த வடிவமைப்பு, 105 மி.மீ. பீரங்கி, நான்கு வீரர்கள், சுமார் 39 டன் எடை. 1980-களின் தொடக்கம் வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் ஆவடியில் உருவாயின. இது சாதாரணக் காரியமல்ல. ஆனால் அதன் எஞ்சின் பிரிட்டனின் லேலண்ட் எல்-60. 535 குதிரைத்திறன். டன்னுக்கு 14-கூட வரவில்லை. அதே குடும்பத்து எஞ்சின் பிரிட்டனின் சொந்த சீஃப்டன் டாங்கியிலேயே ஓயாமல் மக்கர் செய்து பேர் கெட்டது.

அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: “தம்பி, தகடு போனா வெட்டி ஒட்டிரலாம். பீரங்கிக் குழல் தேஞ்சா மாத்திரலாம். எஞ்சின் நின்னுபோச்சுன்னா அதுக்குப் பேரு டேங்க் இல்ல, நடுக்காட்டுல கிடக்குற இரும்பு.” நாற்பது டன் வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய கைகளுக்குச் சொந்தக்காரர் அவர். டாங்கியைப் பற்றி நான் படித்த எதுவும் இந்தச் சொல்லைத் தாண்டவில்லை.

இவ்வளவு எடை எதற்கு என்ற கேள்விக்குத் திருச்சியில் பதில் இருக்கிறது. அங்கே ஹெச்.ஏ.பி.பி. என்று அழைக்கப்படும் தொழிற்சாலையில் டங்ஸ்டன் கலவையில் நீண்ட கம்பிகளை உருவாக்குகிறார்கள். ஈயத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியான உலோகம் அது. டாங்கியை உடைக்கும் குண்டின் உயிர் இந்தக் கம்பிதான். அதற்குள் வெடிமருந்து கிடையாது. பீரங்கிக் குழலைவிட மிகவும் மெல்லியது என்பதால் சுற்றிலும் ஓர் உறை போட்டுக் குழலுக்குள் பொருத்துகிறார்கள். குழலைவிட்டு வெளியே வந்ததும் காற்று அந்த உறையைத் துண்டு துண்டாகப் பிரித்து எறிந்துவிடும். வாலில் சிறு இறகுகளோடு கம்பி மட்டும் விநாடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் போகும். எஃகில் பட்ட இடத்தில் உலோகம் களிமண்ணைப் போல ஒதுங்கி வழிவிடும். துளைத்து உள்ளே நுழையும்போது தெறிக்கும் சில்லுகள்தான் ஆளைக் கொல்பவை. இதைத் தடுக்க எஃகும் பீங்கானும் அடுக்கடுக்காக வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் டன் கணக்கில் ஏறும். ஆகவே டாங்கியின் எடை என்பது உள்ளே இருப்பவர்களின் உயிருக்கான காப்பு.

அந்த எடையைக் குறைக்க ரஷ்யர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குண்டு நிரப்பும் நான்காவது ஆளை எடுத்துவிட்டு அந்த வேலையை எந்திரத்திடம் கொடுத்தார்கள். ஆள் குறைந்தால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் கவசம் போர்த்த வேண்டிய பரப்பும் குறையும். அப்படி உருவான டி-72, 41 டன்னில் அடங்கியது. ஆவடியில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட அதற்கு நாம் இட்ட பெயர் அஜேயா. 780 குதிரைத்திறன், டன்னுக்கு 19. அடுத்து வந்த டி-90, நம் பீஷ்மா. 2001-ல் போட்ட ஒப்பந்தத்தில் 310 டாங்கிகள்; 124 முழு வண்டியாக வந்தன, 186 ஆவடிக்குக் கொடுக்கப்பட்டன. 46.5 டன், 1,000 குதிரைத்திறன். டன்னுக்கு 21-க்கும் மேல். இந்த இரண்டு வகை எஞ்சின்களையும் ஆவடி எஞ்சின் தொழிற்சாலை முழுக்க உள்நாட்டுப் பாகங்களைக் கொண்டே செய்து முடித்து, 2018 ஜூலையில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னிலையில் ராணுவத்திடம் ஒப்படைத்தது. நாம் கொண்டாடியிருக்க வேண்டிய நாள் அது. ஒரு நாள் செய்தியாக வந்து போனது.

ஆனால் அந்த எடைக் குறைப்புக்கு ஒரு விலை உண்டு. டி-72-க்குள் வலப்பக்கம் தளபதி, இடப்பக்கம் சுடுபவர், நடுவே பீரங்கியின் பின்பகுதி. நிமிர்ந்து உட்கார இடமில்லை. அவர்களுடைய காலடியில், தரையை ஒட்டி ஒரு சுழலும் தட்டு. அதில் 22 குண்டுகள், அவற்றைத் தள்ளும் வெடிமருந்து. மீதிக் குண்டுகளும் ஆட்களைச் சுற்றியேதான் இருக்கும். கவசத்தைத் துளைத்து ஒரு சில்லு அங்கே போய்விட்டால் எல்லாம் ஒரே நொடியில் தீப்பிடிக்கும். பீரங்கியைத் தாங்கும், பல டன் எடையுள்ள மேற்கூண்டு பிய்த்துக்கொண்டு மேலே பறக்கும். 2022 முதல் உக்ரைனிலிருந்து வந்த படங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அந்த வண்டியின் உடன்பிறப்புகள்தான் நம்மிடம் ஆயிரக்கணக்கில் உள்ளன. அதற்குள் உட்காருபவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்.

உள்ளே இருப்பவர்களை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு நாமே எழுதிய பதில் அர்ஜுன் டாங்கி. 1974-ல் அரசு அனுமதி கொடுத்த திட்டம். வடிவமைத்தது ஆவடியிலேயே உள்ள சி.வி.ஆர்.டி.இ. என்ற ஆய்வு நிறுவனம். மீண்டும் நான்கு வீரர்கள், தாராளமான உள்ளிடம், காஞ்சன் என்ற கனத்த கவசம், 120 மி.மீ. பீரங்கி. குண்டுகளை வீரர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், அவை வெடித்தாலும் அழுத்தம் உள்ளே வராமல் வெளியே போக வேண்டும் என்று எண்ணிச் செய்தார்கள். விளைவு, 58.5 டன். அதற்குப் பொருத்தியது ஜெர்மனியின் எம்.டி.யு. நிறுவனத்தின் 1,400 குதிரைத்திறன் எஞ்சின். கணக்குப் போட்டால் டன்னுக்கு 24. ஆவடியிலிருந்து வந்த பெரிய டாங்கிகளில் இதுதான் அதிகம். இவ்வளவு கனமான வண்டி ராஜஸ்தான் மணலில் லாகவமாக ஓடியதற்கு இதுதான் காரணம். 2010 மார்ச்சில் அங்கே பீஷ்மாவையும் அர்ஜுனையும் சம எண்ணிக்கையில் நிறுத்திச் சோதித்துப் பார்த்தபோது அர்ஜுன் பின்தங்கவில்லை என்றே செய்திகள் வந்தன.

ராணுவம் எடையைப் பற்றிச் சொன்ன குறையை நான் தள்ளிவிட மாட்டேன். பஞ்சாப் எல்லையில் வாய்க்காலும் பாலமும் நிறைய. 60 டன்னைத் தாங்கும் பாலம் எல்லா இடத்திலும் இல்லை. ரயிலில் ஏற்றுவதற்கும் அகலமான, பலமான வேகன் வேண்டும். 1965 போரில் பஞ்சாபின் கேம்கரண் பக்கம் வயல்களில் நீரைப் பாய்ச்சி வைத்ததால்தானே பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் சேற்றில் மாட்டிக்கொண்டன? நியாயமான கவலைதான். என் வருத்தம் வேறு. எடையைப் பற்றியே வாதாடி ஆண்டுகளைக் கழித்தோம், எஞ்சினை மறந்தோம்.

அர்ஜுனுக்கு 1,500 குதிரைத்திறன் எஞ்சினை நாமே செய்வதாகத்தான் முதலில் திட்டம். அது கைகூடாததால் ஜெர்மன் எஞ்சினைத் தற்காலிகமாகப் பூட்டினோம். தற்காலிகம் நிரந்தரமாயிற்று. 2000-ல் 124 வண்டிகளுக்கு ஆர்டர். முதல் வண்டிகள் 2004-ல் ராணுவத்திடம் போயின. அவை முடிந்த பிறகு நீண்ட இடைவெளி. எழுபதுக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்த மார்க் 1ஏ வண்டியை 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 வண்டிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் வந்தது. ஐம்பது ஆண்டு உழைப்புக்கு மொத்தம் 242 வண்டிகள். மாற்றங்களால் எடை 68 டன்னாக ஏறியது. எஞ்சின் அதே 1,400. டன்னுக்கு 24 இருந்தது 20 சொச்சமாக இறங்கியது. ஆர்டரும் பணமும் இருந்தும், வேண்டிய எஞ்சினுக்கு ஜெர்மனியைப் பார்த்துக் காத்திருக்கும் நிலை வந்தது. இடைவெளி விட்டு, சிறிய எண்ணிக்கையில் கேட்பவருக்காக எந்த நிறுவனமும் தன் உற்பத்தி வரிசையைத் திறந்து வைத்திருக்காது. இதே இடைவெளி அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துச் சிறு பட்டறைகளையும் அடிக்கிறது. டாங்கிக்கென்று அச்சு செய்து, ஆள் பழக்கி வைத்தவர் அடுத்த ஆர்டர் எப்போது என்று தெரியாமல் எத்தனை வருடம் வாடகை கட்டுவார்?

மலைக்குப் போனால் கணக்கு இன்னும் கடுமை. 1948 நவம்பர் 1 அன்று, காஷ்மீரில் பதினோராயிரம் அடிக்கு மேல் உள்ள ஜோஜி லா கணவாயில் ஜெனரல் திம்மையா ஸ்டூவர்ட் டாங்கிகளைக் கொண்டுபோய் நிறுத்தி எதிரியைத் திகைக்க வைத்தார். மேற்கூண்டைக் கழற்றித் தனியாகக் கொண்டுசென்ற வண்டிகள் அவை. கோவேறு கழுதைகள் நடக்கும் பாதையை டாங்கி ஏறும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். நம் பக்கத்துப் பிள்ளைகள். ஸ்டூவர்ட்டின் எடை சுமார் 15 டன் என்பதால்தான் அது நடந்தது. 1962 சீனப் போரிலும் லடாக்கின் சுஷூலுக்கு விமானத்தில் போனவை ஏ.எம்.எக்ஸ்-13 என்ற இலகு டாங்கிகளே. 2020-ல் கிழக்கு லடாக்கில் சீனப் படைகள் எதிரே நின்றபோது நம்மிடம் இலகு டாங்கி இல்லை. நாற்பது டன்னுக்கு மேற்பட்ட அஜேயாவையும் பீஷ்மாவையும் ஏற்றி அனுப்பினோம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். மனிதனுக்கு மூச்சு வாங்குவதுபோல எஞ்சினுக்கும் வாங்கும். காகிதத்தில் உள்ள குதிரைத்திறன் அங்கே கிடைக்காது.

அந்த அனுபவத்தில் பிறந்தது ஜொராவர். சி.வி.ஆர்.டி.இ.யும் எல் அண்ட் டி-யும் சேர்ந்து செய்து, 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசிராவில் காட்டிய இலகு டாங்கி. 25 டன், 105 மி.மீ. பீரங்கி, 760 குதிரைத்திறன், டன்னுக்கு 30. மலைக்கு ஏற்ற கணக்கு. ஆண்டு இறுதியிலேயே 4,200 மீட்டர் உயரத்தில் சுட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு விரைவாக நம்மால் செய்ய முடிகிறது என்பது பெருமை. ஆனால் அதன் எஞ்சின் அமெரிக்காவின் கம்மின்ஸ். மேற்கூண்டு பெல்ஜியத்தில் பிறந்தது.

ட்ரோன் காலத்தில் டாங்கி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மலிவான ட்ரோன் பல கோடி ரூபாய் வண்டியை அழிப்பதை நாமும் பார்க்கிறோம். ஆனால் அதே உக்ரைனில் இரு தரப்பும் டாங்கியைக் கைவிடவில்லை. மேலே வலைக்கூண்டு கட்டி, கவசம் கூட்டி ஓட்டுகிறார்கள். கூண்டும் கவசமும் மறுபடி எடைதான். அதை இழுக்க மறுபடி எஞ்சின்தான். ட்ரோன் வந்ததால் இந்தக் கணக்கு மாறவில்லை, இறுகியிருக்கிறது.

2024 மார்ச் 20 அன்று மைசூரில் உள்ள பெமல் நிறுவனத்தில் நம் சொந்த 1,500 குதிரைத்திறன் எஞ்சின் முதன்முறையாக உயிர்பெற்று ஓடியது. அதே ஆண்டு செப்டம்பரில், பழைய டி-72-களுக்கு மாற்றாக 1,770 புதிய டாங்கிகள் செய்யும் திட்டத்துக்குப் பாதுகாப்புத் துறை முதல்கட்ட ஒப்புதல் தந்தது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று சேர வேண்டும். புதிய டாங்கியின் வரைபடம் நம் எஞ்சினைச் சுற்றி வரையப்பட வேண்டும். வண்டியைச் செய்துவிட்டு எஞ்சினுக்கு உலகம் முழுக்க அலையக் கூடாது. குண்டுகள் வீரர்களின் காலடியில் இருக்கக் கூடாது என்பது பேரத்துக்கு இடமில்லாத நிபந்தனையாக வேண்டும். ஆவடிக்கு ஆண்டுதோறும் சீரான எண்ணிக்கையில் ஆர்டர் போக வேண்டும். ஒரு பெரிய ஆர்டரும் பத்தாண்டு மௌனமும் வேண்டாம். அடுத்த குடியரசு தினத்தில் டாங்கி வரிசை வரும்போது பீரங்கியைப் பார்த்துக் கைதட்டுங்கள். கூடவே அதன் எஞ்சின் எந்த ஊரில் செய்யப்பட்டது என்று உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள். நாம் கேட்காமல் அது நடக்காது.