இஞ்சினை மாற்றினால் அது ரிப்பேரா?

முதலில் ஒரு வாக்குமூலம். நானும் அந்தத் தப்பைச் செய்ய இருந்தவன்தான். அட்வான்ஸ் கொடுக்கப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் வரைக்கும் என் புத்தியும் அப்படித்தான் இருந்தது. அதனால் கீழே கொஞ்சம் கோபமாகத் திட்டியிருந்தால் அதில் பாதி எனக்கே என்று எடுத்துக்கொள்ளவும் :-)

பழைய காரைத் தேடிப் பிடித்து, உள்ளே இருந்த இஞ்சினைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மாருதி இஞ்சினை ஏற்றி, பளபளவென்று பெயிண்ட் அடித்து, மாலை போட்டு போட்டோ எடுத்து "ரெஸ்டோர் பண்ணிட்டோம்ல" என்று சொல்லும் அன்பர்களே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தப் பழைய இஞ்சினுக்கு என்ன வியாதி என்று கண்டுபிடித்தீர்களா? கண்டுபிடித்துவிட்டு மாற்றினீர்கள் என்றால் சரி, என்னோடு உங்களுக்குச் சண்டை இல்லை. பத்தில் ஒன்பது பேர் கண்டுபிடிப்பதில்லை என்பதுதான் என் சந்தேகம்.

மேட்டருக்கு வருகிறேன். எங்கள் ஊர் வத்திராயிருப்பு. (வத்ராப் என்று சொன்னால்தான் பஸ்ஸில் சட்டென்று டிக்கெட் கிழிப்பார்கள்.) எங்கள் வீட்டுத் தொழுவத்தில் 1994-லிருந்து தாத்தாவின் கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966 மாடல், இரண்டு கதவு. நான் பிறந்ததிலிருந்து அது ஓடிப் பார்த்ததே இல்லை. அதன் மேல் கோழி முட்டை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஹெரால்டு என்றால் இன்றைக்குப் பல பேருக்குத் தெரியாது. மெட்ராஸில் 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் 1961-லிருந்து செய்த வண்டி இது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். வடிவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். 948 சிசி இஞ்சின், நாலு கியர். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து மூஞ்சி மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். டயர் மேலே உட்கார்ந்துகொண்டு இஞ்சின் வேலை பார்க்கலாம். வீட்டில் வைத்து ரிப்பேர் பார்க்க இதைவிட வசதியான வண்டியை நான் பார்த்ததில்லை.

இதே சேஸிஸை நீளம் குறைத்து, இதே இஞ்சினையே 1147 சிசியாகப் பெருக்கி, அதே மிக்கெலாட்டியை வைத்து 1962-ல் டிரையம்ப் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். இன்றும் உலகம் முழுக்க ஆசைப்படுகிற வண்டி. அதாவது நம் ஊர் டாக்டரும் வக்கீலும் ஓட்டிக்கொண்டிருந்தது அந்த ஸ்போர்ட்ஸ் காரின் கூடப்பிறந்த அண்ணனை. சோழவரம் ரேஸில் ஹெரால்டுகள் ஓடியது சும்மா இல்லை.

சரி, நான் செய்த முட்டாள்தனம். வண்டி வேலையை எதில் ஆரம்பித்தேன் தெரியுமா? பெயிண்டில்! 2023-ல் பாடியை ஒரு ஷாப்பில் விட்டேன். (பெயர் வேண்டாம், பாவம்.) டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து ஏழு மாதம். வந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது. தெருவே வந்து பார்த்தது. அம்மா திருஷ்டி கழித்தாள்.

இஞ்சின் இத்தனை வருஷம் நின்றதால் இறுகிப் போயிருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, நாலாவது கியரில் போட்டு முன்னும் பின்னும் தள்ளினோம். சுற்றிவிட்டது. புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பினால்... ம்ம்ம்ம்ங் என்று கிழட்டு எருமை மாதிரி ஒரு சத்தம். அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும்.

இங்கேதான் தமாஷ் ஆரம்பம். முதல் மெக்கானிக் "செல்ஃப் மோட்டார் போச்சு" என்றார். மாற்றினோம். அதே ம்ம்ம்ங். இரண்டாவது ஆள் "பேட்டரி பத்தாது" என்றார். பெரிய பேட்டரி வந்தது. அதே ம்ம்ம்ங். மூன்றாவது ஆள் வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்துவிட்டு, "உள்ள ஜாம் ஆயிருச்சு சார், இதுக்கு இனிமே உசிர் கிடையாது, எஸ்டீம் இஞ்சின் ஒண்ணு இருக்கு, ஏத்திரலாம்" என்று எண்பத்தைந்தாயிரம் சொன்னார். மூன்று பேரில் ஒருவர்கூட மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஆபீஸில் ஒரு பக் வந்தால் லாக் எங்கே என்று முதல் கேள்வி கேட்கிற நான், வீட்டில் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

சித்தப்பாவுக்கு வண்டியில் பாதிப் பங்கு. "ஏத்துறதுன்னா ஏத்து, இல்லைன்னா எடைக்குப் போட்டுருவோம். பொங்கலுக்குள்ள முடிவு சொல்லு" என்றார். எடைக்குப் போடுவது என்பது மிரட்டல் இல்லை, நிஜமாகவே ஆளிடம் பேசி வைத்திருந்தார்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின சாயங்காலம், அப்பா ஒரு நம்பரைக் கொடுத்தார். ராஜபாளையத்தில் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் இந்த வண்டிக்கு வேலை பார்த்தவர். இப்போது கண் சரியாகத் தெரியாது, பட்டறையும் இல்லை. போனில் செல்ஃப் சத்தத்தைக் கேட்கச் சொல்லிப் பிடித்தேன். இரண்டு தடவை கேட்டார்.

"தம்பி, செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளைத் தொட்டுப் பாத்தியா?"

"இல்ல அண்ணாச்சி."

"தொட்டுப் பாரு. சுட்டா எனக்குப் போன் போடு. சுடலைன்னாலும் போடு."

சுட்டது. விரலை எடுத்து வாயில் வைக்கிற அளவுக்குச் சுட்டது!

விஷயம் இதுதான். இஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு பட்டை வயர் உண்டு, எர்த் ஸ்ட்ராப். செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்ட் மொத்தமும் அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த ஸ்ட்ராப்பை முடுக்குகிற இடத்தில்தான் நம்ம ஷாப்காரர் அழகாக பிரைமரும் இரண்டு கோட் பெயிண்டும் அடித்து வைத்திருந்தார். கரண்ட் பாவம் என்ன செய்யும்? கிடைத்த சந்து வழியாக, சோக் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. நூறு ஆம்பியருக்கு மேல் போக வேண்டிய இடத்தில் சைக்கிள் பிரேக் கம்பி மாதிரி ஒரு கம்பி!

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொன்றை இஞ்சின் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எனக்கு 4.6 காட்டியது. பன்னிரண்டில் கிட்டத்தட்ட ஐந்து வோல்ட் வழியிலேயே காலி. உப்புத்தாள் வைத்து பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, புது ஸ்ட்ராப் முடுக்கினேன். செலவு இருநூற்று நாற்பது ரூபாய். (இந்தக் காலத்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தாக இருந்தவையும் உண்டு. பேட்டரி மாட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், புகை விடாதீர்கள்.)

செல்ஃப் சர்ரென்று சுற்றியது. "ஜாம்" ஆன இஞ்சினின் கம்ப்ரஷனை அளந்தேன். 108, 112, 110, 106. பாயிண்ட் இடைவெளி 15 தௌ, வால்வு 10 தௌ, பிளக் வரிசை 1-3-4-2. மூன்றாவது திருப்பலில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. தொழுவம் முழுக்கப் புகை, கோழியெல்லாம் தெருவில். பத்து நிமிஷம் ஓடிச் சூடானதும் அணைந்துவிட்டது என்பது வேறு கதை. கண்டன்சர். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, ஆனால் இந்தத் தடவை எதையும் மாற்றுவதற்கு முன்னால் அளந்தேன்.

இப்போது வழக்கமான வாதங்களுக்கு வருவோம்.

"பார்ட்ஸ் கிடைக்காது." கிடைக்கும் சாமி! ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்காகவே இங்கிலாந்தில் கடைகள் நடக்கின்றன. கேஸ்கெட், வீல் சிலிண்டர், ரப்பர் என்று ஹெரால்டுக்கும் பொருந்துவது நிறைய. கஸ்டம்ஸ் வரி வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். எண்பத்தைந்தாயிரம் அளவுக்கு வலிக்காது.

"மாருதி இஞ்சின் போட்டா பவர் ஜாஸ்தி." அதுதான் பயமே. ஹெரால்டு இஞ்சின் நாற்பது குதிரை சக்திக்கும் குறைவு. கார்புரேட்டர் எஸ்டீம் 65. என் வண்டியின் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், திருப்பத்தில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அந்த உடம்புக்கு அந்தப் பலம் ஆகாது. பிரேக்கை மாற்று, ஆக்ஸிலை மாற்று என்று போனால் கடைசியில் தாத்தா வண்டி என்று மிஞ்சுவது ஹெட்லைட் மட்டும்தான்.

"தினசரி ஆபீஸ் போக வேணுமே." அப்படியானால் செகண்ட் ஹாண்ட் ஆல்டோ வாங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், நக்கல் இல்லை. நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் விற்பனையிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பதிவுக்கு இருபதாயிரம், நம்பரில் விஏ என்று எழுத்து வரும். இஞ்சினை மாற்றினால் அந்தக் கதவு சாத்தியது சாத்தியதுதான். அந்த விதியும் ஒன்றும் தங்கம் இல்லை. வின்டேஜ் நம்பர் வாங்கினால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் என்பதற்குத்தான் ரோட்டுக்கு வரலாம். ஓடுவதற்காக ரிப்பேர் பார்த்த வண்டியை ஓட்டக் கூடாது என்றால் என்ன நியாயம்? சாதாரணப் பதிவிலேயே வைத்திருக்கலாம் என்றால், 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பத்தாயிரம் ஆக்கிவிட்டார்கள். எப்படியும் அடி. ஆனால் ஒரிஜினல் இஞ்சின் இருந்தால் இரண்டில் எந்த அடி என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். மாற்றியவர் ஆர்.சி. புக்கில் ஏற்றாமல் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தனியாக வந்து நிற்கும்.

பெட்ரோலில் இருபது சதம் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப் போகிறது, டேங்க்கில் தண்ணீர் சேர்கிறது என்ற புலம்பல் எனக்கும் உண்டு. எத்தனால் தாங்குகிற ஹோஸ் போட்டேன், மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்க்கை வடித்துவிடுகிறேன். அதற்கும் யாரோ ஒருவர் "இஞ்சினை மாத்திருங்க" என்றார். அவ்வ்வ்வ்...

பொங்கலுக்கு மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணன்கோவில் வழியாக ராஜபாளையம் போனேன். பக்கத்து சீட்டில் சித்தப்பா, வழி முழுக்க வாயே திறக்கவில்லை. பெரியவர் வீட்டு வாசலில் இஞ்சினை அணைக்கவிடவில்லை. பானெட் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். மின்னுகிற பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவருக்கு அது தெரியவும் தெரியாது.

"ரெண்டாவது வால்வு கொஞ்சம் லூஸா இருக்கு. ஆறினப்புறம் பாரு."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். 13 தௌ இருந்தது.

டிஸ்கி: ஹெரால்டின் இடது பக்க முன் பார்க்கிங் லைட் கண்ணாடி யாரிடமாவது சும்மா கிடந்தால் பின்னூட்டத்தில் சொல்லவும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ நிச்சயம். இஞ்சின் கழற்றி எடைக்குப் போட வைத்திருப்பவர்களும் சொல்லலாம், அதையும் வந்து தூக்கிக்கொள்கிறேன்.