சேற்றில் சிக்கிய வண்டியும் அதை இழுக்கும் பட்டையும்



பிழைப்பு நாடித் தமிழகத்திலிருந்து மைசூருக்கு வந்து குடியேறிய நம்மவரில் அநேகர், இன்று சொந்தமாகவோ வாடகைக்கோ பிக்கப் வண்டி ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கி வருகிறார்கள். விடியுமுன் பண்டிபாளையா சந்தையில் சரக்கு ஏற்றி, சிலர் குண்டலுப்பேட்டை வழியாகக் கூடலூருக்குப் போகிறார்கள். சிலர் சாமராஜநகரையும் ஆசனூரையும் கடந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலத்தை அடைகிறார்கள். பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. திம்பம் பாதையிலும் 2022 பிப்ரவரி முதல் இரவு நேரக் கட்டுப்பாடு உண்டு.

ஆகவே, மாலை வேளையில் ஒரு தோட்டத்துச் சேற்றில் பின்சக்கரம் புதைந்துவிட்டால், கேட் மூடுமுன் எப்படியாவது வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றம் ஓட்டுநரைப் பிடித்துக்கொள்கிறது. தார்ப்பாய் கட்டும் கயிறோ, பழைய சங்கிலியோ, கையில் கிடைத்ததைக் கட்டி இழுக்கிறார். பிள்ளைகளும் பெரியவர்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இழுபடும் கயிறு தன்னுள் விசையைச் சேமித்து வைக்கிறது. அது அறுபடும்போது அல்லது அதன் கொக்கி பிடுங்கிக்கொள்ளும்போது, அந்த விசை முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்படுகிறது. கொக்கியோ இரும்புத் துண்டோ கவண்கல்லைப் போலப் பறந்து, கண்ணாடியைத் துளைத்து ஓட்டுநரையே தாக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில், வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் பட்டையைக் கட்டி இழுத்தபோது, அந்தக் குண்டு முறிந்து பறந்து ஆட்கள் மாண்டதுண்டு. மீட்புப் பட்டைகளின்மேல் எச்சரிக்கை வாசகம் இருக்கவேண்டும் என்று அந்நாட்டு அரசு 2010-ஆம் ஆண்டில் கட்டாய விதியே கொண்டுவந்தது.

இரண்டு வகைப் பட்டைகள்

கடையில் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் பட்டைகள் இரண்டு வேறு வேலைகளுக்கானவை. முதலாவது, பாலியெஸ்டரால் நெய்த இழுவைப் பட்டை. இது மிகக் குறைவாகவே நீளும். பழுதான வண்டியைச் சமதளச் சாலையில் மெதுவாக இழுத்துச் செல்ல இதுவே ஏற்றது. ஆனால் இதைக் கட்டி வேகமாக வெட்டி இழுத்தால், அதிர்ச்சி முழுவதும் கொக்கியின்மேலும் சேசிஸின்மேலும் விழும்.

இரண்டாவது, நைலானால் செய்த மீட்புப் பட்டை. இதை 'ஸ்நாட்ச் ஸ்ட்ராப்' என்பார்கள். இது தன் நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீண்டு, ரப்பரைப் போலத் திரும்பச் சுருங்கும். சேற்றில் புதைந்த வண்டியை மெல்ல உந்தி எடுப்பதற்கென்றே இது உண்டாக்கப்பட்டது. பெரும்பாலும் 9 மீட்டர் நீளத்தில் கிடைக்கும். நெடுந்தூரம் வண்டியை இழுத்துச் செல்லவோ, பாரம் தூக்கவோ இதைப் பயன்படுத்தலாகாது.

தொழிற்சாலைக் கடைகளில் கிடைக்கும் கிரேன் பெல்ட்டைப் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதன் நிறமே அதன் பணிச்சுமையைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சாம்பல் 4 டன், சிவப்பு 5 டன். பெரும்பாலும் இவை பாலியெஸ்டரே. ஆகையால் மெதுவாக இழுப்பதற்கு மாத்திரம் உதவும். வெட்டி இழுப்பதற்கு உதவாது. சங்கிலியும் இரும்பு வடமும் சற்றும் நீளாதவை. வெட்டி இழுத்தால் அவை அறுந்து எதிரில் இருப்பவரைக் கொல்லும்.

எவ்வளவு பலம் வேண்டும்?

முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, சரக்குடன் சேர்ந்த மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். மீட்புப் பட்டையின் அறுபடு பலம், இரு வண்டிகளில் எது இலேசானதோ அதன் மொத்த எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, மொத்த எடை 3,000 கிலோ என்றால் 6,000 முதல் 9,000 கிலோ வரை பலமுள்ள பட்டை போதும். பலம் மிகுந்தது நல்லதுதானே என்று 15 டன் பட்டையை வாங்குவது சரியன்று. அளவுக்கு மிஞ்சிய பட்டை நீளாது. நீளாவிட்டால் அதிர்ச்சி வண்டியின்மேல் விழும்.

விலாசமும் பலமும் அச்சிடப்படாத மலிவான பட்டையை வாங்காதிருங்கள். பணிச்சுமை என்பது வேறு, அறுபடு பலம் என்பது வேறு. சீட்டில் எழுதியிருப்பது எது என்று கேட்டு வாங்குங்கள். முனையில் இரும்புக் கொக்கி தைத்த பட்டையைவிட, தையல் வளையம் மட்டும் உள்ள பட்டையே பாதுகாப்பானது.

எங்கே மாட்டுவது?

சேசிஸில் போல்ட் போட்டுப் பொருத்திய, இழுப்பதற்கென்றே அமைந்த கொக்கி அல்லது வளையத்தில் மட்டுமே மாட்டவேண்டும். பம்பர், ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, டிரெய்லர் குண்டு ஆகியவற்றில் ஒருபோதும் மாட்டலாகாது. சரக்கு கட்டும் சிறு வளையங்களும் இதற்கு உதவா. இணைப்பதற்குப் பணிச்சுமை பொறித்த ஷேக்கிள் தேவை. முக்கால் அங்குல ஷேக்கிளில் 4.75 டன் என்று இருக்கும். பிக்கப் வண்டிக்கு அது தகும். அதன் ஊசியைக் கையால் முழுவதும் திருகி, பின்பு கால் சுற்று தளர்த்திவிடுங்கள். இல்லையேல் இழுத்தபின் கழற்ற முடியாது. இரண்டு பட்டைகளை இணைக்க நடுவே இரும்பு ஷேக்கிள் போடவேண்டாம். பட்டை அறுந்தால் அதுவே குண்டாகும். முடிச்சும் போடலாகாது; முடிச்சு பட்டையின் பலத்தை ஏறக்குறைய பாதியாக்கும்.

எரேமியாவைச் சேறு நிறைந்த குழியிலிருந்து தூக்கியபோது, கயிறு அறுக்காதபடி எபெத்மெலேக்கு கந்தைத் துணிகளைக் கொடுத்தனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே துணி மனிதனைக் காத்தது. இங்கே பட்டையைக் காக்கும். பட்டை கூர்மையான இரும்பில் உரசும் இடமெல்லாம் சாக்குத் துணியைச் சுற்றுங்கள்.

இழுப்பதற்கு முன்

முதலில் சரக்கை இறக்குங்கள். மண்வெட்டியால் சக்கரங்களின் முன்னும் பின்னும் சேற்றை வெட்டி எடுத்து, சாக்கோ பலகையோ போடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். வண்டி வந்த வழியிலேயே பின்னோக்கி இழுப்பது பெரும்பாலும் எளிது.

பட்டையை இரு வண்டிகளுக்கும் இடையே நேர்கோட்டில் விரித்து, ஏறத்தாழ 2 மீட்டர் தளர்ச்சி விட்டு, அதன் நடுவில் ஈரமான சாக்கையோ கம்பளத்தையோ போடுங்கள். அது அறுபட்டாலும் பறக்கும் வேகத்தைக் குறைக்கும். இரு ஓட்டுநர்களைத் தவிர மற்றவர் யாவரும் பட்டையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில், இழுக்கும் கோட்டுக்குப் பக்கவாட்டில் நிற்கவேண்டும். பட்டையின் குறுக்கே ஒருவரும் தாண்டலாகாது. முதல் முயற்சி மிக மெதுவாக இருக்கட்டும். இரண்டு மூன்று முறை முயன்றும் வராவிட்டால், வேகத்தைக் கூட்டாதேயுங்கள்; டிராக்டரையோ கிரேனையோ அழையுங்கள்.

சாலையில் இழுத்துச் செல்லும்போது இரு வண்டிகளுக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது என்பது சாலை விதி. பின்வண்டியிலும் உரிமம் பெற்ற ஓட்டுநர் அமரவேண்டும். வண்டி இழுக்கப்படுவதைத் தெரிவிக்கும் பலகை பின்னால் இருக்கவேண்டும். என்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் மிகக் கனமாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஆகையால் திம்பம் போன்ற இறக்கத்தில் பட்டை கட்டி இழுப்பது கூடவே கூடாது. கிரேன் வண்டியே வரவேண்டும்.

நைலான் நனைந்தால் சிறிது பலம் குறையும், மணல் புகுந்தால் இழைகள் உள்ளேயே அறுபடும், வெயிலிலும் கெடும். ஆகவே பயன்படுத்தியபின் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பைக்குள் வையுங்கள். தையல் பிரிந்ததும் வெட்டுப்பட்டதும் உடனே கழிக்கப்படவேண்டும்.

2019 ஆகஸ்டில் கபினி பெருகி மைசூரு – நஞ்சன்கூடு சாலை நீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட மழைக்காலம் வருமுன், ஒரு மீட்புப் பட்டை, ஓர் இழுவைப் பட்டை, இரண்டு ஷேக்கிள், ஒரு மண்வெட்டி, இரண்டு சாக்கு, தடித்த கையுறை ஆகியவற்றை இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். சரக்கு ஒரு நாள் தாமதமானால் நஷ்டத்தை அடுத்த வாரத்தில் ஈடுசெய்துகொள்ளலாம். கேட் மூடிவிட்டால் இந்தப் பக்கத்திலேயே இரவைக் கழித்துவிட்டுக் காலையில் புறப்படுங்கள். வீட்டாருக்கு மறவாமல் போன் செய்து சொல்லிவிடுங்கள்.