17-ம் வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடம். பள்ளியில்தான் இடம் இல்லை!

பையனுக்கு வயது ஆறு. 17-ம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறான். பஸ் நம்பரைச் சொன்னால் போதும், ஸ்டாப்புகளை ஒப்பிக்கிறான். ஆனால் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுவான். ஆட்டிசம்!

தனியார் பள்ளியில் 'டெஸ்ட்' வைத்தார்கள். "சிறப்புப் பள்ளிக்குப் போங்கம்மா" என்றார்கள். அங்கே போனால், "இவ்வளவு கெட்டிக்காரனுக்கு இங்கே என்ன வேலை?"

சட்டம் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, சேர்க்கைக்கு டெஸ்ட் கூடாது. மீறினால் முதல் தடவை 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். (யார் கட்டினார்கள் என்று கேட்காதீர்கள்! சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே இல்லை.) 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, 40 சதவீதச் சான்றிதழ் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? நம் இஷ்டம்.

ஆனால் சான்றிதழில் குறைக்குத்தான் சதவீதம், கெட்டிக்காரத்தனத்துக்கு ஏது?

"இடமில்லை என்பதை எழுதிக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறார் தாய். கடிதம் இன்னும் வரவில்லை.