வடசென்னையைக் கலரில் எடுங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் கையில் கேமரா வைத்திருக்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "லீவுக்கு எங்கே போனால் கலர்ஃபுல்லா போட்டோ எடுக்கலாம்?" பதில்களும் வருஷா வருஷம் மாறுவதில்லை. ஊட்டி, மூணாறு, கொஞ்சம் காசிருந்தால் ராஜஸ்தான், நிறைய இருந்தால் காஷ்மீர். (பனி முழுக்க வெள்ளைதானே, அதில் என்ன கலர் என்று கேட்டால் முறைக்கிறார்கள்.)

என்னைக் கேட்டால், கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறுங்கள் என்பேன். ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூரில் முடியுங்கள். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

முதல் காரணம் வெளிச்சம். போட்டோவில் கலர் நன்றாக வருவதும் வராததும் பொருளை விட வெளிச்சத்தைப் பொறுத்த விஷயம். ஏப்ரல் கடைசியில் சென்னையில் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல் நிற்கும். முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும், எல்லா நிறமும் வெளுத்துப் போகும். டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகலில் கூட சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறுகிறது. காலையும் மாலையும் சாய்வாக விழும் வெளிச்சம் நீண்ட நேரம் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் புழுதியைக் கழுவிவிட்டுப் போயிருக்கும். நம் கடற்கரை கிழக்கைப் பார்த்தது என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழுந்து வரும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இரண்டாவது, எடுப்பதற்கு அங்கே இருப்பவை. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அந்த வருஷம் ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. சிவப்புச் சுவரும் வெள்ளைத் தூண்களுமாக அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ராயப்பர், அதாவது புனித பேதுருவின் பெயரால் வந்த ஊர் என்பதால் கிறிஸ்துமஸ் சமயத்தில் தெருவுக்குத் தெரு ஸ்டார் தொங்கும். அதே மார்கழியில் திருவொற்றியூர் வாசல்களில் பூசணிப்பூ வைத்த கோலம். விடியும் முன்பே காசிமேட்டில் ஏலம் களை கட்டிவிடும். நீலமும் பச்சையும் சிவப்புமாகப் படகுகள், ரோஸ் கலரில் சங்கரா, வெள்ளி போல வவ்வால், கால் நீலமான நண்டு, எல்லாவற்றின் மேலும் உடைத்த ஐஸ். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் போனால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அதனாலும் குளிர்காலம்தான் சரி.

இவ்வளவு இருந்தும் வடசென்னைக்குப் போட்டோ எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுகிறார்கள். சுருக்கம் விழுந்த பாட்டி முகம், கிழிந்த வலை, கூரை மேல் காக்கா. கீழே 'வாழ்க்கை' என்று ஒரு வார்த்தை. ஊட்டி ரோஜாவுக்குக் கலர், காசிமேட்டு மனுஷிக்குக் கறுப்பு வெள்ளையா? அந்த அக்கா கட்டியிருந்த ஆரஞ்சுப் புடவையும் வைத்திருந்த கனகாம்பரமும் எங்கே போயின? ஏழைகள் என்றால் நிறமில்லாதவர்கள் என்று நாமே முடிவு செய்துவிட்டோம் போல. இதுதான் என் கோபம்.

கறுப்பு வெள்ளை மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. ஆனால் இந்த ஊரைப் பொறுத்தவரை கலரை எடுத்துவிட்டால் அழகு மட்டுமல்ல, சாட்சியமும் சேர்ந்து போய்விடுகிறது.

எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய் நின்று பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியாகக் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்த இடமெல்லாம் சதுப்பு நிலம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கறுப்பு வெள்ளையில் அது வெறும் மணல் மாதிரி தெரியும். பக்கத்தில் அலையாத்திச் செடியின் பச்சை இருந்தால்தான் அந்தச் சாம்பல் நிறம் அங்கே இருக்கக் கூடாத ஒன்று என்பது புரியும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கரையில் ஆட்கள் பக்கெட்டால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை எல்லாம் கறுத்தன. வெள்ளையாக இருக்க வேண்டிய கூழைக்கடாக்கள் பழுப்பாக நின்ற படங்களை எல்லோரும் பார்த்தோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. அந்தக் கூழைக்கடாவைக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால், நிழலில் நிற்கும் பறவை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"அப்படியானால் கலரே ஏமாற்றாதா?" என்று கேட்பீர்கள். ஏமாற்றும். தண்ணீர் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து வானவில் காட்டும். பார்க்க அவ்வளவு அழகு! போகி அன்று காலையில் தெரியும் மூடுபனியும் அப்படித்தான். டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை அது. 2018 போகியன்று அதனால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. ஊட்டி மாதிரி இருக்கிறது என்று அதை எடுத்துப் போட்டு லைக் வாங்குவது பொய் சொல்வதற்குச் சமம்.

இதற்கு நான் சொல்லும் வழி சுலபமானது. ஒரு நிறம் கண்ணைப் பறித்தால், அது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும். படத்துக்குக் கீழே இடம், தேதி, காரணம் மூன்றையும் எழுதுங்கள். 'வாழ்க்கை' என்று மட்டும் எழுதாதீர்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மெட்ரோ 2021-லேயே விம்கோ நகர் வரை வந்துவிட்டது, அதனால் தூரம் என்று சாக்கு சொல்ல முடியாது. டிசம்பர் கடைசியில் ஆறரை மணி வாக்கில் சூரியோதயம், அதற்கு முன்பே காசிமேட்டில் இருங்கள். பழைய செருப்பு போதும். துறைமுகத்துக்குள் கேமராவை நீட்ட வேண்டாம். மீன் விற்கும் அக்காக்களிடம் கேட்காமல் எடுத்தால் "இன்னாபா, ஷூட்டிங்கா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் கால் கிலோ சங்கரா வாங்குங்கள், பிறகு கேளுங்கள். எடுத்த படத்தை அங்கேயே காட்டுங்கள். முடிந்தால் அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். காஷ்மீரில் எடுத்த படத்தை அப்படிக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. இங்கே ஒரு ரயில் டிக்கெட்தான்.