இட்லிக்குக் கணக்கு கேட்கிறார்கள்!

அம்பத்தூரிலோ ஆவடியிலோ குடியிருக்கும் நாலு பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் செங்குன்றம் மில் அரிசி 25 கிலோ மூட்டை ஒன்று, காஸ் சிலிண்டர் ஒன்று. இந்த இரண்டில் எது பூமியை அதிகம் சூடாக்குகிறது?

காஸ் என்றுதானே சொல்வீர்கள்? இல்லை. ஒரு சிலிண்டரில் உள்ள 14.2 கிலோ காஸ் எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அரிசிக்கோ, உலகச் சராசரிப்படி கிலோவுக்குச் சுமார் 4 கிலோ என்று கணக்கு. மூட்டைக்கு 100 கிலோ!

எல்லாம் வயலில் தேங்கும் தண்ணீர் செய்யும் வேலை. காற்று புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது நெற்பயிரின் தண்டு வழியாகவே, ஸ்ட்ராவில் ஏறுகிற மாதிரி மேலே ஏறி வெளியே வந்துவிடும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 28 மடங்கு சூடாக்குகிற சமாசாரம் இந்த மீத்தேன்.

ஆகவே காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தோசை என்று சாப்பிடும் நீங்கள் உலகத்துக்கே எதிரி. தட்டில் இருப்பதைத் தட்டச்சு செய்தால் கார்பன் கணக்கு சொல்லும் கால்குலேட்டர்கள் ஏறக்குறைய இப்படித்தான் தீர்ப்பு எழுதுகின்றன.

கொஞ்சம் பொறுங்கள் சார். அந்த 4 கிலோ யார் வயலில் அளந்தது?

வீம்புக்குக் கேட்கவில்லை. இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. இந்திய நெல்வயல்கள் வருடத்துக்குச் சுமார் 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு காலத்தில் கணக்குப் போட்டது. அங்கே, மேல்நாட்டு வயல்களில் எடுத்த அளவை நம் ஊர் ஏக்கர்களால் பெருக்கினார்கள், அவ்வளவுதான். 1991-ல் விஞ்ஞானி ஏ.பி.மித்ரா தலைமையில் நம் ஆட்கள் நிஜமாகவே வயலில் இறங்கி அளந்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! நடுவில் நம் விவசாயி தலையில் ஏற்றப்பட்ட பழிக்கு யார் வருத்தம் தெரிவித்தார்கள்?

அதே 1991-ல் டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இன்னொரு கேள்வி கேட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்கு நெல் போடுகிறவனின் மீத்தேனும், வசதிக்குக் கார் ஓட்டுகிறவனின் புகையும் ஒரே தராசில் நிற்குமா? அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

இதைச் சாக்காக வைத்து நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவும் முடியாது. ‘நாசிக் வெங்காயமா? எவ்வளவு டீசல்!’ என்று பதறுகிறவர்கள் நம்மிடையே உண்டு. லாரியில் மொத்தமாக வருகிற சரக்கு அது. இரண்டு கிலோ வெங்காயத்துக்குக் கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு வந்தால் அதிகம். அதை வாங்க ஆவடியிலிருந்து கோயம்பேடு வரை பெட்ரோல் காரில் போய்த் திரும்பினால் சுமார் 4 கிலோ. நாசிக்கையா திட்டுவது?

‘நாங்க சுத்த சைவம், எங்களுக்கென்ன’ என்பவர்களுக்கும் ஒன்று. பால் லிட்டருக்குச் சுமார் 3 கிலோ. தினம் ஒரு லிட்டர் வாங்கினால் மாதம் 90. கிட்டத்தட்ட இன்னொரு அரிசி மூட்டை. ஒன்பது கிலோ கோழிக்கறிக்குச் சமம். (அம்பத்தூரில் ஆவின் பால் பண்ணையே இருக்கிறது, அதனால் இது மனதுக்கு நெருக்கமான விஷயம்தான்.) இதுவும் உலகச் சராசரி, நம் மாட்டை அளந்து சொன்னதல்ல. அரிசிக்குக் கேட்ட கேள்வியைப் பாலுக்கும் கேட்கத்தான் வேண்டும்.

என் கோபம் வேறு. மீத்தேனைக் குறைக்க வழி இருக்கிறது, அது உங்கள் தட்டில் இல்லை. வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டாமல், காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது. வேளாண் துறையே ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று அழகாகப் பெயர் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. மீத்தேன் நன்றாகக் குறையும், தண்ணீரும் மிச்சம். ஆனால் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, அடுத்த முறை எப்போது வருமோ என்று பயந்துகொண்டிருப்பவர் வரப்பு முட்டத் தேக்காமல் என்ன செய்வார்? பம்பு செட் வைத்திருப்பவருக்கு மின்சாரம் இலவசம். மோட்டாரை நிறுத்தினால் அவருக்குக் கையில் ஒரு பைசா மிஞ்சாது.

இத்தனையையும் மீறி ஒருவர் காயப்போட்டுப் பாய்ச்சி விளைவித்த நெல்லை அரசின் நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். சன்ன ரகமா, பொது ரகமா என்று பார்ப்பார்கள். அதற்கேற்ற விலை போடுவார்கள். தண்ணீர் எப்படிப் பாய்ச்சினாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதற்கென்று குவிண்டாலுக்குப் பத்து ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுப்பதில்லை. இட்லி தின்பவனிடம் மட்டும் கணக்குக் கேட்கிறார்கள்.